திட்ட நிர்வாகம்: தொழிலின் பிறப்பும் தொடங்கியோர் வரலாறும்

ஒரு வேலையைத் தன் கையால் செய்து முடிப்பது ஒரு திறமை. பலர் செய்யும் பல வேலைகளை ஒன்றுசேர்த்து, குறித்த காலத்துக்குள், குறித்த செலவுக்குள், குறித்த முடிவுக்குக் கொண்டு வருவது வேறொரு திறமை. இப்பின்னதற்கு இற்றைநாளில் 'திட்ட நிர்வாகம்' என்றும் 'திட்ட மேலாண்மை' என்றும் பெயர் வழங்குகின்றனர். கட்டடம் எழுப்புவோர், சாலை அமைப்போர், எண்ணெய்க் குழாய் பதிப்போர், கணினிக்கு நிரல் எழுதுவோர் ஆகிய எல்லோரும் இப்பதவிக்கு ஆள் தேடுகின்றனர். நம் இளைஞர் பலரும் இதனை நாடுகின்றனர்.

நாடுவோர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. பதவிக்கு விண்ணப்பித்தால், 'முன்னனுபவம் உண்டா?' என்று கேட்கின்றனர். அனுபவம் பெறலாம் என்றாலோ, அதற்குப் பதவி வேண்டும். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவோம் என்று துணிந்தாலும், இத்துறையில் உலகெங்கும் மதிக்கப்பெறும் பெருந்தேர்வு, ஆண்டுக்கணக்கில் பணி நடத்திய அனுபவத்தைக் காட்டாதவரை எழுதவிடுவதில்லை. தோட்டத்துப் பள்ளியில் என்னிடம் எழுத்துக் கற்றுப் பின்னர் டிப்ளோமா வரை படித்த பிள்ளைகள் சிலர், "முதற்படி எங்கே இருக்கிறது, ஐயா?" என்று என்னிடமே வந்து கேட்டதுண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு அத்தொழிலின் நுட்பம் தெரியாது. ஆயினும் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவ்வரலாற்றில் அவர்கள் கேள்விக்கு விடை இருக்கக் கண்டேன். அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

பெயருக்கு முன்னரே பிறந்த தொழில்

'திட்ட நிர்வாகி' என்னும் பதவிப் பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியது 1950-களில்தான். ஆனால் அப்பணி அதற்கு நெடுங்காலம் முந்தியது. கோயிலும் அணையும் கால்வாயும் இருப்புப்பாதையும் யாரோ ஒருவர் பொறுப்பேற்று நடத்தாமல் எழுந்தவை அல்ல. அவர்களைக் கொத்தனார் என்றும், இஞ்சினீயர் என்றும், மேற்பார்வையாளர் என்றும் உலகம் அழைத்தது. அவர்கள் தம் தொழிலைக் கற்றது சான்றிதழ் வழியாக அன்று. ஒரு சிறு பொறுப்பு கைக்கு வந்தது. அதனைச் செம்மையாக முடித்தனர். அதனினும் பெரியது தேடி வந்தது. இதற்கு இருவர் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டுவேன். ஒருவர் கணக்கும் வரைபடமும் கொண்டு வேலையைக் கண்ணுக்குப் புலப்படுத்தியவர். மற்றவர் ஆற்றை மறித்து அணை கட்டியவர்.

பள்ளி ஆசிரியராக இருந்த காண்ட்

திட்ட நிர்வாகம் பயில்வோர் எவரும் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் பெயர் 'காண்ட் வரைபடம்' என்பது. அதற்குப் பெயர் தந்த ஹென்றி லாரன்ஸ் காண்ட், 1861-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரால் செல்வம் இழந்த பண்ணைக் குடும்பம் அவருடையது. வறிய சிறுவர்களுக்காக ஏற்பட்ட மெக்டனோ பள்ளியில் தங்கிப் படித்தார். 1880-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும், எந்தப் பள்ளி தமக்குச் சோறும் கல்வியும் அளித்ததோ அப்பள்ளிக்கே திரும்பி, இயற்கை விஞ்ஞானமும் யந்திரவியலும் கற்பிக்கும் ஆசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1884-இல் யந்திர இஞ்சினீயர் பட்டம் பெற்று, பால்ட்டிமோர் நகரில் படம் வரைவோராக வேலை பார்த்தார். 1887-இல் பிலடெல்பியாவில் இருந்த மிட்வேல் எஃகு ஆலையில் சேர்ந்து, பிரடெரிக் டெய்லர் என்பவருக்கு உதவியாளரானார். அந்த டெய்லர்தான் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் காலத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, 'விஞ்ஞான நிர்வாகம்' என்ற கொள்கையைப் பரப்பியவர்.

டெய்லரிடம் பயின்றும் காண்ட் ஒரு வகையில் ஆசிரியராகவே இருந்தார். குறித்த அளவு வேலை முடிக்கும் தொழிலாளிக்கு நாட்கூலியோடு ஊக்கத்தொகை தரும் முறை ஒன்றை 1901-இல் அவர் வகுத்தார். முடிக்க இயலாதவனுக்கும் அன்றைய கூலி குறையாது. அதனினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. மேற்பார்வையாளருக்கு, அவர் கீழ் இலக்கை எட்டிய ஒவ்வொரு தொழிலாளியின் பொருட்டும் ஒரு தொகை. எல்லோரும் எட்டினால் அதற்கு மேலும் ஒரு தொகை என்று விதித்தார். விளைவு என்ன? பின்தங்கியவனை வைது விரட்டுவதைவிட, அவனுக்குக் கற்றுக்கொடுப்பதே மேற்பார்வையாளருக்கு ஆதாயம் என்றாயிற்று. வகுப்பில் முதல் மாணவனைக் காட்டிப் பெருமை கொள்ளாமல், கடைசி வரிசை மாணவனையும் தேற வைப்பவரே நல்லாசிரியர் என்பதை அவர் ஆலைக்குள் கொண்டு வந்தார் எனலாம். தொழிலாளரைப் பயிற்றுவித்தல் பற்றி 1908-இல் அமெரிக்க யந்திர இஞ்சினீயர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரையும் படித்தார்.

அவர் பெயரை நிலைநாட்டிய வரைபடம் மிக எளிமையானது. தாளின் மேற்புறத்தில் நாட்கள். இடப்புறத்தில் வேலைகளின் பெயர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை ஒரு கிடைக்கோடு. முடிந்த அளவை அருகே மற்றொரு கோடாக இழுத்துக்கொண்டே வந்தால், எது முந்துகிறது, எது பின்தங்குகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். போலந்து நாட்டினரான கரோல் அடமியெட்ஸ்கி 1896-இலேயே இதை ஒத்த படமொன்றை வகுத்திருந்தார். ஆனால் அது மேலைநாடுகளில் பரவவில்லை. முதல் உலகப் போரின்போது படைக்கலச் சாலையிலும் கப்பல் கட்டும் பணியிலும் காண்டின் படங்கள் பயன்பட்டன. அவர் 1919-இல் மறைந்தார். 1922-இல் வாலஸ் கிளார்க் எழுதிய நூலே அவர் முறையை வேறு பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது.

அளவைப் பணிக்குச் சென்ற மாணவர்

இரண்டாமவர் பிராங்க் குரோ. 1882-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மெயின் பல்கலைக்கழகத்தில் கட்டட இஞ்சினீயரிங் பயின்றுகொண்டிருந்தபோது, அரசாங்கத்தின் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்த பிராங்க் வேமத் என்பவர் வந்து, மேற்கு மாநிலங்களில் நடைபெறும் பாசனப் பணிகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவ்வுரையைக் கேட்ட குரோ, தமக்கும் ஒரு வேலை வேண்டுமென்று கேட்டார். கிடைத்தது விடுமுறைக்கால வேலை: 1904-ஆம் ஆண்டுக் கோடையில் யெல்லோஸ்டோன் ஆற்றுப் பகுதியில் நிலம் அளக்கும் குழுவில் ஓர் இடம். மறுவருடம் பட்டம் பெற்று அந்த இலாகாவிலேயே நிலையாகச் சேர்ந்தார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அணைக்குப் பின் அணையாக அவர் வேலை கற்றார். ஐடஹோ மாநிலத்தில் 1915-இல் முடிவுற்ற ஆரோராக் அணை அக்காலத்தில் உலகிலேயே உயரமானது. அங்கே பள்ளத்தாக்கின் இரு கரைகளையும் இணைத்துக் கம்பிவடம் கட்டி, அதன் வழியே கான்கிரீட்டை வாளிகளில் அனுப்பும் முறையில் அவர் கைதேர்ந்தார். பின்னர் வாஷிங்டன் மாநிலத்தில் டியடன் அணையின் கட்டுமானத்தை நடத்தினார். 1920-களின் நடுவில் அரசாங்கம் தானே கட்டுவதை விட்டுக் குத்தகைக்காரர்களிடம் பணியை ஒப்படைக்கத் தொடங்கியது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிறர் கட்டுவதைப் பார்த்திருக்க மனமின்றி, குரோ அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து மாரிசன்-நுட்சன் என்னும் கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தார்.

கொலராடோ ஆற்றின் பிளாக் கேன்யன் பள்ளத்தாக்கில் பேரணை ஒன்று கட்ட அமெரிக்க அரசாங்கம் தீர்மானித்தபோது, ஆறு கட்டுமான நிறுவனங்கள் ஒன்றுகூடி 'சிக்ஸ் கம்பெனீஸ்' என்ற பெயரில் ஏலம் கேட்டன. 1931 மார்ச் மாதம் அவர்கள் கேட்ட தொகை 4,88,90,995 டாலர். அடுத்த குத்தகைக்காரர் கேட்டது இதனினும் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் மிகுதி. அரசாங்க இஞ்சினீயர்களின் மதிப்பீட்டுக்கோ இத்தொகை மிக நெருங்கி நின்றது. இதற்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர் குரோ. இது மாயமன்று. எத்தனை ஆள் எத்தனை நாளில் எத்தனை கன கெஜம் போடுவர் என்பதை இருபத்தைந்து ஆண்டுகளாகக் களத்தில் நின்று கண்டவர் அவர். 1919-இலேயே இவ்வணைக்குத் தோராயமான செலவு மதிப்பீடு ஒன்றைத் தம் இலாகாத் தலைவருக்காகத் தயாரித்தும் இருந்தார்.

இரண்டாண்டு முந்திய அணை

வேலையின் அளவைக் கருதிப் பாருங்கள். முதலில் ஆற்றைத் திருப்ப வேண்டும். அதற்காக மலையைக் குடைந்து, ஒவ்வொன்றும் 56 அடி விட்டமுள்ள நான்கு சுரங்கங்கள் அமைத்தனர். குத்தகைப்படி 1933 அக்டோபர் முதல் நாளுக்குள் ஆறு திரும்பியிருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 3,000 டாலர் அபராதம். குரோ 1932 நவம்பரிலேயே ஆற்றைத் திருப்பிவிட்டார். 1933 ஜூன் மாதம் முதல் வாளிக் கான்கிரீட் விழுந்தது. 1935 மே மாதம் அணை உச்சியை எட்டியது. இரண்டே ஆண்டுகளில் 32 லட்சத்து 50 ஆயிரம் கன கெஜம்!

கான்கிரீட் இறுகும்போது வெப்பம் வெளியிடும். இவ்வளவு பெரிய திரள் தானாகக் குளிர்வதென்றால் நூறாண்டுக்கு மேலாகும். அதற்குள் வெடிப்பு விழும். ஆகவே தனித்தனிக் கட்டிகளாக, ஒரு முறைக்கு ஐந்தடி உயரமே போட்டு, உள்ளே 582 மைல் நீளக் குழாய்களைப் பதித்துக் குளிர்நீரை ஓடவிட்டனர். ஒரு கட்டி இறுகும் நேரத்தில் அடுத்ததில் வேலை; அது இறுகும்போது மற்றொன்றில் வேலை. காத்திருக்கும் ஆளும் இல்லை, வெறுமனே திரும்பும் வாளியும் இல்லை. 726 அடி உயரமுள்ள அவ்வணை 1936 மார்ச் முதல் நாள் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. குறித்த காலத்துக்கு அது இரண்டாண்டுக்கு மேல் முந்தியது. அதுவே இன்று ஹூவர் அணை எனப்படுவது. 'அவசரக்காரர்' என்ற பொருளில் குரோவுக்குப் பட்டப்பெயரும் வழங்கியது.

வரைபடத்தில் இடம்பெறாத கோடு

இவ்வளவோடு நிறுத்தினால் இது பாதி வரலாறாகவே இருக்கும். 1931-இல் வேலை குறித்த காலத்துக்கு முன்னதாகவே அவசரமாகத் தொடங்கப்பட்டது. தொழிலாளர் குடியிருக்கத் திட்டமிட்ட போல்டர் சிட்டி நகரம் அப்போது எழும்பவில்லை. பொருளாதாரச் சரிவில் வேலை இழந்து, பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்கள் பாலைவனத்தில் கூடாரத்திலும் தகரத்திலும் ஒண்டினர். நிழலிலேயே 120 பாரன்ஹைட் டிகிரியைத் தொட்ட அந்தக் கோடையில், ஒரு மாத காலத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் வெப்பத்தால் மாண்டனர். ஆகஸ்டு மாதம் சுரங்கத் தொழிலாளர் சிலரின் கூலி குறைக்கப்படவே வேலைநிறுத்தம் மூண்டது. அவர்கள் கேட்டவற்றுள் குளிர்ந்த குடிநீரும் சுகாதாரமான கழிப்பிடமும் அடங்கும். கோரிக்கைகளைக் குரோ மறுத்தார். வேலையற்றோர் திரள் வாயிலில் காத்திருந்தமையால் வேலைநிறுத்தம் சில நாளிலேயே ஓய்ந்தது. ஆயினும் குடியிருப்பும் குடிநீரும் அதன்பின் சீர்பெற்றன.

சுரங்கத்துக்குள் பெட்ரோல் லாரிகளை ஓட்டலாகாது என்பது நெவாடா மாநிலச் சட்டம். மின்சார வண்டிகளுக்கு மாறினால் காலமும் பணமும் செலவாகும் என்று நிறுவனம் நீதிமன்றம் சென்றது; லாரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. புகையால் நோயுற்றோர் பின்னர் வழக்குத் தொடுத்தனர். 1936-இல் நிறுவனம் பலரோடு சமரசம் செய்துகொண்டது. அரசாங்கக் கணக்கில் பணியின்போது இறந்தோர் 96 பேர். வெப்பத்தாலும் நோயாலும் இறந்தோர் அக்கணக்கில் சேரவில்லை.

1932-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து, கடும் வெப்பத்தில் உழைப்போர் வியர்வையோடு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்வது எப்படி என்று ஆராய்ந்தனர். தண்ணீர் என்பது தயவு அன்று, வேலைத்திட்டத்தின் ஓர் உறுப்பே என்பது அங்கே மெய்ப்பட்டது. காலத்தையும் செலவையும் இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர் முதற்கோடையில் அந்த உறுப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. குரோவின் திறமையை நாம் கற்கவேண்டும். இப்பிழையையும் சேர்த்தே கற்கவேண்டும்.

நம்மவர்க்கு இது அயலார் கதை அன்று. மலாயாவின் இருப்புப்பாதையும் சாலையும் ரப்பர்க்காடும் நம் முன்னோர் வியர்வையால் ஆனவை. அக்காலப் பணிகளுக்கும் திட்டம் இருந்தது, காலக்கெடு இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் நிறுத்திக் கங்காணி எண்ணினார். கிராணி செக்ரோலில் பெயர் எழுதினார். நம் பாட்டனும் பாட்டியும் எண்ணப்பட்டவர்கள். இன்று அவர்தம் பேரப்பிள்ளை எண்ணும் இடத்துக்கு வருகிறான், வருகிறாள். அவ்விடத்தில் இருப்பவர் எதை எண்ண மறந்தால் யார் மாள்வர் என்பது மற்ற எவரினும் இவர்களுக்கு நன்கு தெரிந்திருக்கவேண்டும்.

தொழிலுக்குப் பெயர் வந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலைகளின் சிக்கல் பெருகியது. ஆயிரக்கணக்கான வேலைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது, கோடிட்ட படம் மட்டும் போதவில்லை. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டுவதில்லை. 1957-இல் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து கணினியின் துணைகொண்டு புதுமுறை ஒன்றை வகுத்தனர். அதனை 'முக்கியப் பாதை முறை' எனலாம்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவேன். பள்ளிக்கு வகுப்பறை ஒன்று கட்டுகிறோம். அடித்தளம் 10 நாள். அதன்மேல் சுவர் 15 நாள். அதன்மேல் கூரை 8 நாள். ஒன்றன்பின் ஒன்றாக ஆக மொத்தம் 33 நாள். தச்சர் தம் பட்டறையில் பெஞ்சுகள் செய்ய 20 நாள் பிடிக்கும்; அவை கூரை முடிந்தபின் வந்தால் போதும். ஆக, பெஞ்சு வேலை 13 நாள் தாமதித்தாலும் கேடில்லை. சுவர் ஒரு நாள் தாமதித்தால் திறப்பு விழாவும் ஒரு நாள் தள்ளிப்போகும். தச்சருக்கு இரட்டைக் கூலி கொடுத்து விரைவுபடுத்தினாலும் ஒரு நாளும் மிச்சமாகாது. எங்கே அவசரப்பட வேண்டும், எங்கே அவசரம் வீண் என்று அறிவதே இம்முறையின் சாரம்.

1958-இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைக்காக இதை ஒத்த 'பெர்ட்' முறையை வகுத்தது. முன்பின் செய்தறியாத வேலைக்கு எத்தனை நாளாகும் என்று எவர் உறுதி கூறுவார்? ஆதலால் எல்லாம் நலமாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று மூன்று விடைகளை வாங்கினர். அவை 4, 6, 14 என்றால், நடுவெண்ணை நான்கால் பெருக்கி, மற்றிரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 7 நாள் என்று வரும். 1960 ஜூலை 20-இல் போலாரிஸ் வெற்றியோடு கடலடியிலிருந்து பாய்ந்தபோது இம்முறையின் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால் 1972-இல் ஹார்வி சபோல்ஸ்கி என்னும் அறிஞர் அத்திட்டத்தின் வரலாற்றை ஆராய்ந்து, வெற்றிக்கு 'பெர்ட்' படங்கள் காரணமல்ல. வெளியார் தலையிடாதவாறு காக்கும் கேடயமாகவே அவை பெரிதும் உதவின என்று காட்டினார். வரைபடம் வேலை செய்வதில்லை, மனிதர்களே செய்கின்றனர்.

1959-இல் ஹார்வர்டு வணிக ஆய்விதழில் பால் கேடிஸ் 'திட்ட நிர்வாகி' பற்றி எழுதிய கட்டுரையால் அப்பதவி தனித்தொழிலாக அறியப்படலாயிற்று. 1969-இல் அமெரிக்காவில் திட்ட நிர்வாகக் கழகம் தோன்றியது. 1984-இல் அக்கழகம் தேர்வு நடத்திச் சான்றளிக்கத் தொடங்கியது. தொழில் முந்தியது, பெயர் அதன்பின், சான்றிதழ் அதற்கும் பின். இவ்வரிசையை மறப்பதனால்தான் நம் பிள்ளைகள் சுவரில் முட்டிக்கொள்கின்றனர்.

முதற்படி

ஆகவே அவர்களுக்கு நான் கூறும் விடை இது. பதவிப் பெயரைத் தேடாதீர், பொறுப்பைத் தேடுங்கள். காண்ட் படம் வரைவோராகவும், குரோ நிலம் அளக்கும் குழுவில் ஒருவராகவும் தொடங்கினர். இன்று அதற்கு நிகரான இடங்கள் பல உள்ளன. கட்டுமானத் தளத்தில் பொருட்கணக்கு வைப்பவர், கூட்டக் குறிப்பு எழுதுபவர், கால அட்டவணையைத் திருத்துபவர், திட்ட அலுவலகத்தில் உதவியாளர் ஆகிய எவரும் முதற்படியில்தான் நிற்கின்றனர். அனுபவமில்லாதோரும் எழுதத்தக்க தொடக்கநிலைத் தேர்வு ஒன்றும் இத்துறையில் உண்டு. அதை எழுதுவது நன்று. அதுவே போதுமென்று இருப்பது நன்றன்று.

அடுத்து, ஒரு குறிப்பேடு வையுங்கள். 'இது எத்தனை நாளாகும்?' என்று தொடங்குமுன் எழுதுங்கள். எத்தனை நாளாயிற்று என்று முடிந்தபின் எழுதுங்கள். வேறுபாட்டுக்குக் காரணத்தை அருகில் எழுதுங்கள். பள்ளியாண்டு விழாவோ, கோயில் திருவிழாவோ, மன்றத்தின் விளையாட்டுப் போட்டியோ எதுவாயினும் சரி. குரோவின் ஏலத்தொகை அரசாங்க மதிப்பீட்டை ஒட்டி நின்றதற்குப் பின்னால் அத்தகைய இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு இருந்தது. நேர்காணலில் 'முன்னனுபவம் உண்டா?' என்று கேட்போர் முன் அக்குறிப்பேட்டைத் திறந்து பேசக்கூடியவன் வெறுங்கையோடு நிற்பவன் ஆகான்.

இறுதியாக, நீங்கள் வரையும் ஒவ்வொரு படத்திலும் நாளுக்கும் செலவுக்கும் கோடிடும்போது, வேலை செய்பவரின் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஓய்வுக்கும் ஒரு கோடு இடுங்கள். அக்கோட்டை வேலை தொடங்குமுன்னரே இட்டுவிட வேண்டும். உங்கள் பாட்டனின் பெயர் செக்ரோலில் இருந்தது. அதை மறவாதிருப்பின், அணை முந்தி முடிவதும் அதைக் கட்டியவர் நலமாய் வீடு திரும்புவதும் ஒரே கணக்கில் அடங்கும்.